உண்டியலும் ஈர்க்குச்சியும்

கேள்வி: ஆறாவது படிக்கும் மகனுக்கு உண்டியல் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதமாகியும் நாற்பது ரூபாய்கூடச் சேரவில்லை. தாத்தா கொடுக்கும் காசையெல்லாம் பெட்டிக்கடையில் கரைத்துவிடுகிறான். சேமிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்டியலில் எவ்வளவு சேர்ந்தது என்று சொல்கிறீர்கள், சரி. அதில் யார் யார் கை வைத்தார்கள் என்பதைச் சொல்லவில்லையே அம்மா?

கோயில் உண்டியலைத் திறப்பதென்றால் அறநிலையத் துறை அதிகாரி வரவேண்டும், முத்திரையைப் பார்க்கவேண்டும், கேமரா ஓடவேண்டும், ஒரு கூட்டமே சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணவேண்டும். வீட்டு உண்டியலுக்கு ஒரு ஈர்க்குச்சி போதும். சிலிண்டர் போடுகிறவர் வாசலில் நிற்கிறார், கையில் சில்லறை இல்லை, பையன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான். கவிழ்த்துப் பிடித்து, குச்சியை விட்டு நெம்பினால் மடியில் நாலு காசு விழும். அவன் வந்து கேட்டால் "அப்புறம் போட்டுடறேண்டா." அந்த அப்புறம் எந்த வீட்டில் வந்திருக்கிறது?

சில்லறை என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? எங்கள் பிழைதிருத்துநர் அதைச் 'சில்லரை' ஆக்குவார், நான் திரும்ப மாற்றுவேன், பன்னிரண்டு வருடச் சண்டை. அகராதி என் பக்கம், அச்சகம் அவர் பக்கம். இந்த இதழில் எது வந்திருக்கிறது என்று பார்த்து யார் ஜெயித்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது என்னுடைய இன்னொரு பழைய வழக்கு, பத்து ரூபாய் நாணயம். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. நம்மூர்க் கடைக்காரர் மட்டும் இன்னும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "இது ஓடாது தம்பி" என்கிறார். இதே பக்கத்தில் எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், தாத்தா கொடுத்த பத்து ரூபாயைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக்கொண்டு போனால் செல்லாது என்கிறார்கள், கையோடு கடலைமிட்டாய் வாங்கியிருந்தால் அதையாவது தின்றிருக்கலாம். உங்கள் மகன் கணக்கில் கெட்டிக்காரன் என்றுதான் எனக்குப் படுகிறது.

பத்து வயது முடிந்திருந்தால் அஞ்சலகத்தில் அவன் பேரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி அவனே நடத்தலாம், 500 ரூபாய் போதும், வட்டி 4 சதவீதம். பாஸ்புக்கை அவனிடமே கொடுத்துவிடுங்கள். அங்கே ஈர்க்குச்சி நுழையாது.

எங்கள் அம்மாவும் எடுப்பாள். திருவிழாவில் வாங்கிய மண் உண்டியல், மாம்பழ வடிவம், காம்பு உடைந்தது. மாசக் கடைசியில் அதைக் கவிழ்க்கும் சத்தம் அடுக்களையிலிருந்து கேட்கும். ஆனால் எடுத்த கையோடு காலண்டர் தாளைக் கிழித்து "பாலுக்கு ஒண்ணேகால் ரூபாய்" என்று பின்பக்கம் எழுதி, மடித்து, அதே ஓட்டை வழியாக உள்ளே போட்டுவிடுவாள். பொங்கலுக்கு முதல் நாள் உடைத்தோம். காசு ஏழு ரூபாய் சொச்சம், சீட்டு பதினொன்று. அம்மா தரையில் உட்கார்ந்து சீட்டையெல்லாம் கூட்டி, கடுகு டப்பாவில் வைத்திருந்த சிறுவாட்டுக் காசை எடுத்து எண்ணி எண்ணி என் கையில் வைத்தாள். நாலணா குறைந்தது. அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாலணாவைத்தான் 2011 ஜூனோடு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.