‘ஜென்’ என்ற பௌத்தத் தியான மரபின் பெயரைக் குறிக்கும் 禪 என்ற சீன எழுத்துக்குக் ‘கடவுளோடு தனித்திருத்தல்’ என்று பொருள் என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. இடப்பாதி தெய்வம், வலப்பாதி தனிமை, இரண்டும் சேர்ந்தால் தியானம் என்று சொல்லும்போது கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து புழக்கத்துக்கு வந்த காலத்தில் பௌத்தம் சீனாவுக்குள் காலடி வைத்திருக்கவே இல்லை.

எழுத்தைக் கூர்ந்து பாருங்கள். இடப்பக்கம் இருப்பது பலிபீடம். கடவுள், மூதாதை, நற்பேறு ஆகிய சொற்களுக்கான எழுத்துகளிலும் இதே உறுப்பு உண்டு. வலப்பக்கம் மேலே இரண்டு சிறு சதுரங்கள், அவற்றின் கீழே வயல்போல் நான்காகப் பிரிந்த கட்டம், அடியில் ஒரு குறுக்குக்கோடு. தனியே எழுதினால் இதன் ஒலி ‘டான்’, பொருள் ‘ஒற்றை’. இங்கே அது ஒலியைக் காட்டவே நிற்கிறது. இதே வலப்பாதியோடு பூச்சி உறுப்பைச் சேர்த்தால் சிள்வண்டு. ஆயுத உறுப்பைச் சேர்த்தால் போர். வில்லைச் சேர்த்தால் தோட்டா. சிள்வண்டுக்கும் போருக்கும் தனிமையோடு என்ன உறவு? ஒரு பாதி பொருளுக்கு, மறு பாதி ஒலிக்கு என்பதே பெரும்பாலான சீன எழுத்துகளின் கட்டமைப்பு.

பலிபீடம் ஏன் வந்தது என்பதற்கும் தெளிவான விடை இருக்கிறது. இந்த எழுத்து முதலில் பேரரசர்கள் நிலத்துக்குச் செய்த வேள்வியைக் குறித்தது. கி.மு. 219-இல் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் தாய் மலையில் வானத்துக்கும் அருகிலிருந்த சிறு குன்றில் நிலத்துக்கும் வழிபாடு செய்தார். அந்த இரண்டாவது சடங்கின் பெயர்தான் இது. அரியணையைத் தானே முன்வந்து இன்னொருவருக்குக் கொடுப்பதற்கும் இதே எழுத்து. கி.பி. 220-இல் கடைசி ஹான் பேரரசர் சாவ் பீயிடம் ஆட்சியை ஒப்படைத்ததை இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். இவ்விரு பொருளிலும் இன்றைய சீனப் பொதுமொழியான மாண்டரினில் அது ‘ஷான்’.

பிறகுதான் பௌத்தப் பிக்குகள் வந்தார்கள். வடமொழி ‘தியான’ பாலியில் ‘ஜான’ ஆகியிருந்தது. வடமேற்கு இந்தியப் பிராகிருதத்திலும் ஏறக்குறைய அப்படியே. அந்த ஒலியைப் பிடிக்க இந்த எழுத்தையும் ‘நா’ என்ற இன்னொன்றையும் சேர்த்து எழுதினார்கள். காலப்போக்கில் ‘நா’ உதிர்ந்தது. மிஞ்சியதே மாண்டரினில் ‘ச்சான்’. சீனாவில் ஜென் மரபைத் தொடங்கியவராகக் கருதப்படும் போதிதர்மர்தான் (கி.பி. 5-6ஆம் நூற்றாண்டு) இந்தச் சொல்லைக் கொண்டுபோனார் என்று நம்மவர்கள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று ஒரு பழைய குறிப்பும், பாரசீகத்தார் என்று 547-ஆம் ஆண்டு நூல் ஒன்றும் சொல்கின்றன. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் சரி, கி.பி. 148 வாக்கில் லோயாங் வந்த பார்த்திய நாட்டுத் துறவி ஆன் ஷிகாவ் தியான நூல்களை மொழிபெயர்த்தவர். குமாரஜீவர் 401-இல் சாங்கான் வந்து மொழிபெயர்த்த ஒரு நூலின் தலைப்பிலேயே இந்த எழுத்து இருக்கிறது. போதிதர்மருக்கு முன்பே அது ஊன்றிவிட்டது.

நாடுதோறும் ஒலி மாறுவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. தென்சீனத்தில் பேசப்படும் கான்டனியத்தில் ‘ஸிம்’. முறைப்படி ‘ன்’ வரவேண்டிய இடத்தில் ‘ம்’ வருகிறது, சிள்வண்டும் அங்கே ‘ஸிம்’தான்! ஜப்பானியத்தில் இரண்டு ஒலிப்புகள் உண்டு. ‘ஜென்’ என்பது பழைய அடுக்கு. ‘ஸென்’ என்பது தாங் காலத் தலைநகரிலிருந்து பின்னால் போனது. பௌத்தச் சொற்களில் பழைய அடுக்கே பெரும்பாலும் நிலைத்தது. ஜப்பானியத் துறவி எய்சாய் 1191-இல் சீனாவிலிருந்து திரும்பி ஜென் மரபைப் பரப்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த ஒலி ஜப்பானில் இருந்தது. கொரியத்தில் ‘ஸொன்’. நன்மை, கோடு, முன்பு ஆகியவற்றைக் குறிக்கும் சீன எழுத்துகளும் அங்கே ‘ஸொன்’ என்றே ஒலிப்பதால், ஹங்குல் எழுத்தில் எல்லாம் ஒன்றுபோல் தெரியும்.

வியட்நாமியத்தில் ‘தியென்’. இதைப் பார்த்தவுடன் ‘அட, நம் தியானம்!’ என்று துள்ளத் தோன்றும். பொறுங்கள். சீனத்தின் அந்த முதல் மெய் வியட்நாமில் வழக்கமாகவே இப்படித்தான் மாறுகிறது. நன்மை, சிள்வண்டு இரண்டுக்கும் அங்கே இதே தொடக்கம்.

வியட்நாம் அரசர் த்ரான் ந்யான் தோங் 1293-இல் மகனுக்கு அரியணையைக் கொடுத்தார். 1299-இல் யென் தூ மலையில் துறவியாகி, த்ருக் லாம் என்ற தியென் மரபைத் தொடங்கினார். அரியணை துறப்பதும் தியானமும் ஒரே எழுத்தாயிற்றே, அவர் விஷயத்தில் இரண்டு பொருளும் பொருந்துகின்றன. வியட்நாமியத்தில் இவற்றைப் பிரிப்பது உச்சரிக்கும் குரலின் ஏற்ற இறக்கமாகிய சுரம் மட்டுமே: கனத்து இறங்கினால் அரியணை துறத்தல், தாழ்ந்து நீண்டால் தியானம்.