எண்ணா, கண்ணா: உங்கள் பேட்டர் கேள்விக்கு

ஒரு பேஸ்பால் பேட்டருக்குப் போன வருட எண்கள் சுமார், ஆனால் அவருடைய ஸ்விங் (மட்டையை வீசும் விதம்) மாறிவிட்டதாக ஸ்கவுட்கள், அதாவது ஆட்டத்தை நேரில் பார்த்து மதிப்பிடுபவர்கள், சொல்கிறார்கள். இவரை உங்கள் ஃபேன்டசி அணியில் (நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்து அமைக்கும் கற்பனை அணியில்) எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சரி, பேட்டர் ஜே.டி. மார்ட்டினெஸை நினைத்துப் பாருங்கள். 2013 சீசன் முடிந்ததும் ஸ்விங்கையே மாற்றிக்கொண்டு வந்தார். எண்களைப் பெரிதும் நம்பிய ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, 2014 மார்ச்சில் அவரை விடுவித்தது. அதே வருடம் டெட்ராய்ட் டைகர்ஸுக்காக .315 பேட்டிங் சராசரி (ஆயிரம் முயற்சிக்கு 315 வெற்றி அடி என்ற கணக்கு), 23 ஹோம் ரன்! பழைய எண்கள் பொய்யில்லை, அவை பழைய ஸ்விங்கின் எண்கள்.

அதனால் ஸ்கவுட் அறிக்கையில் பாராட்டைத் தேடாதீர்கள். என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று பாருங்கள். அப்புறம் அந்தத் தேதிக்குப் பிறகு மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தைப் பாருங்கள். சில டஜன் அடிகளிலேயே அது ஓரளவு தெரிந்துவிடும்; பேட்டிங் சராசரி நிலைப்பட மாதக்கணக்காகும். வேகம் கூடியிருந்தால் தயங்காமல் எடுங்கள்.