வாசகர் கேள்வி: விக்கிப்பீடியாவுக்கு யாரு கங்காணி?

கேள்வி: பழைய மாணவர் எல்லாம் சேர்ந்து எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பத்தி தமிழ் விக்கிப்பீடியாவுல ஒரு கட்டுரை போட்டோம். ரெண்டு நாள்ல அழிச்சிட்டாங்க. யாரும் எழுதலாம்னு சொல்லிட்டு இப்படி செய்ய இவங்க யாரு?
- ஒரு டீச்சர், தலவாக்கலை

பதில்: கோவம் நியாயம்தான் டீச்சர். ஆனா யாரும் எழுதலாம்னா, எழுதினத யாரும் வெட்டலாம்னும்தான் அர்த்தம், முழுப் பக்கத்தையும் தூக்குறது மட்டும் நிர்வாகிகள் கையில இருக்கு. நீங்க அனுப்பின பிரதியப் பார்த்தேன். "மலையகத்தின் கல்விச் சுடர்"னு ஆரம்பிச்சு, அதிபர்மார் பேரு, பரிசு வாங்கின பிள்ளைங்க பேரு, கடைசியில வாழ்த்து... ஒரு இடத்துலயும் இது எந்தப் பேப்பர்ல வந்துச்சு எந்தப் புத்தகத்துல இருக்குன்னு இல்ல. அங்க ரெண்டு விஷயம்தான் முதல்ல பார்ப்பாங்க, உங்களுக்கு சம்பந்தமில்லாத வேற யாராச்சும் இதைப் பத்தி எழுதியிருக்காங்களா, எழுதினத வாசகன் போய் சரிபார்க்க முடியுமா. பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதாங்கிறது அவங்க கேள்வியே இல்ல.

எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேல "வரலாறு"ன்னு ஒண்ணு இருக்கும், அதை ஒரு தரம் அமத்திப் பாருங்க. யாரு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு கூட்டினாங்க எவ்வளவு குறைச்சாங்கன்னு பச்சையிலயும் சிவப்புலயும் வரிசையா வரும், பக்கத்துல ஏன் செஞ்சாங்கன்னு ஒரு சின்ன குறிப்பும் இருக்கும். நம்ம ஊர்ல எந்தக் கந்தோர்லயாவது இப்படி ஒரு பதிவைக் காட்டுவாங்களா? உங்க பக்கத்தை நீக்கினதுக்கும் பதிவு இருக்கும், நீக்கினவர் பேரும் காரணமும் அதுலயே கிடைக்கும், அவரோட உரையாடல் பக்கத்துல போய் நேரா கேளுங்க. சண்டை பிடிக்காம கேட்டா பெரும்பாலும் பதில் வரும்.

கேள்வி: அப்ப இதுக்கு முதலாளி ஜிம்மி வேல்ஸா? அவர் சொன்னாத்தான் நடக்குமா?
- ஏ.எல். மாணவன், பண்டாரவளை

பதில்: இல்ல தம்பி. 2001 ஜனவரியில ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் தொடங்கினாங்க, சாங்கர் அடுத்த வருஷமே வெளிய போயிட்டார். 2003ல வந்த விக்கிமீடியா அறக்கட்டளை சர்வர், காசு, வழக்கு இதெல்லாம் பார்க்குது, கட்டுரையில என்ன இருக்கணும்னு பொதுவா தலையிடாது. அதே 2003லதான் நம்ம தமிழ் விக்கியும் தொடங்கினது, இப்ப ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்டுரை இருக்கு.

சட்டதிட்டம் எல்லாம் எழுதுறது பயனர்களேதான். தமிழ்ல "ஆலமரத்தடி"ன்னு ஒரு பக்கம் இருக்கு, அங்கதான் பொதுப் பேச்சு. நிர்வாகியையும் பயனர்களே கருத்துச் சொல்லித் தெரிவு செய்றாங்க. அதனால அதிகாரம் எங்க போய் சேருதுன்னா, விடாம அங்கயே கிடந்து, விதிய கரைச்சுக் குடிச்சு, பொறுமையா வாதாடத் தெரிஞ்ச கொஞ்சப் பேர்கிட்ட. இங்கிலீஷ் விக்கியில ஒரு பக்கத்துல அடுத்தவங்க திருத்தினத 24 மணித்தியாலத்துல மூணு தரத்துக்கு மேல பழையபடி மாத்திப் போட்டா தடை விழலாம், புதுசா வர்ற ஆளுக்கு அந்த விதி தடை விழுந்த பிறகுதான் தெரியும். சூடான தலைப்புகள்ல 30 நாளும் 500 திருத்தமும் ஆகாதவங்க கை வைக்கவே முடியாதபடி பூட்டி வைக்கிறதும் உண்டு.

கேள்வி: இவங்களுக்கு சம்பளம் உண்டா?
- பதுளை வாசகர்

பதில்: இல்ல. யாராச்சும் காசு வாங்கிட்டு எழுதினா அதை வெளிப்படையா சொல்லணும்னு விதி. சொல்லாம எழுதுறவங்களும் இருக்காங்கதான்.

கேள்வி: ஒரு கூட்டம் சேர்ந்து முழுசா கைப்பற்றிட்டா?
- பெயர் வேண்டாம், நுவரெலியா

பதில்: நடந்திருக்கு. குரோஷிய மொழி விக்கியில கொஞ்ச நிர்வாகிங்க ஒண்ணு சேர்ந்து வருஷக்கணக்கா ஆட்டி வச்சாங்க. ரெண்டாம் உலகப் போர் காலத்துல நாஜிகளோட கூட்டுச் சேர்ந்திருந்த உஸ்தாஷா ஆட்சி செஞ்ச கொடுமையை மழுப்பி எழுதுறது, கேள்வி கேட்டவனத் தடை பண்றது, ஒரே ஆள் பல கணக்குல வந்து ஓட்டுப் போடுறதுன்னு போச்சு. 2013ல அந்த நாட்டுக் கல்வி அமைச்சரே பிள்ளைங்க அதை நம்ப வேணாம்னு சொல்ற அளவுக்கு வந்து, 2020லதான் முக்கியமான ஆளைத் தூக்கினாங்க, 2021ல அறக்கட்டளை அறிக்கையும் விட்டுச்சு. ஆள் குறைஞ்ச மொழியில இது லேசு, அதனால தமிழ்ல வேற வேற ஊர்க்காரங்க இருக்கிறது எனக்குப் பெரிய ஆறுதல்.

கேள்வி: எங்க பாட்டி சொன்ன தோட்டத்துக் கதையெல்லாம் ஆதாரம் இல்லையா?
- ஹட்டன் வாசகி

பதில்: இதுதான் எனக்கும் உறுத்துற இடம் தங்கச்சி. 1940 ஜனவரியில முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்துல போலீஸ் சுட்டு கோவிந்தன் செத்தார், அதுக்கு விசாரணைக் கமிஷன் வச்சாங்க, பேப்பர்ல வந்துச்சு, அதனால அவரைப் பத்தி எழுதலாம். அதே காலத்துல லயத்துல குளிர்லயும் காய்ச்சல்லயும் போன சனத்தைப் பத்தி யாரும் அச்சுல போடல, அதனால விக்கியில அவங்களுக்கு இடமில்ல. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா அச்சு வச்சிருந்தது துரைமார். விதிய வகுத்தவங்க இதை வேணும்னு செய்யல, ஆனா பலன் அதுதான்.

பாட்டி சொன்னத நேரா அங்க போட்டா நிக்காது. முதல்ல ரெக்கார்ட் பண்ணி எழுதி, ஒரு சஞ்சிகையிலயோ புத்தகமாவோ வரவைங்க. 2005ல தொடங்கின "நூலகம்"ங்கிற இலங்கைத் தமிழ் இணைய நூலகத் தளத்துல பழைய மலையக வெளியீடு நிறைய ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க, அதையும் தேடுங்க. தலவாக்கலை டீச்சரும் இதைப் படிச்சா, ஸ்கூல் பேரு வந்த பேப்பர் துண்டு ஏதாச்சும் அங்க மாட்டுதான்னு பாருங்க, கிடைச்சா எனக்கு அனுப்புங்க, விக்கியில எழுதிப் பழகுறதுக்குன்னு இருக்கிற "மணல்தொட்டி" பக்கத்துல எழுதிப் பார்க்க நான் உதவுறேன். பரிசுப் பட்டியலை மட்டும் விட்டுடுங்க.