படம் போட்டால் தப்பா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு படிக்கிறேன். எதையும் படம் போட்டால்தான் எனக்குப் புரியும். என் ரூம்மேட் படமே போட மாட்டாள், குறியீடுகளாகவே எழுதி முடித்துவிடுவாள். ரியல் அனாலிசிஸ் (எல்லை, தொடர்ச்சி இவற்றைக் கறாராக நிரூபிக்கும் பாடம்) தேர்வில் ‘படம் நிரூபணம் ஆகாது’ என்று மார்க்கைக் குறைக்கிறார்கள். நான் மாற வேண்டுமா?
– வாசகி, கரூர்

பதில்: வேண்டாம். ஆனால் மார்க் குறைந்தது நியாயம்தான். அந்தப் பாடம் நடத்தியவன் நான், நானும் குறைத்திருப்பேன்.

உங்கள் அறையில் இருக்கும் இரண்டு கட்சியும் பழசு. ஜெர்மன் கணித மேதை வையர்ஸ்ட்ராஸின் நூல்கள் முழுக்கப் புரட்டினாலும் ஒரு படம் கிடைக்காது, அதே நாட்டுக் கணித மேதை ரீமானுக்கோ எல்லாமே படம் என்று பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே எழுதினார். இன்னொரு ஜெர்மன் கணிதக்காரர் பெலிக்ஸ் கிளைன் இன்னும் ஒரு படி மேலே. ஒரு வளைபரப்பின் மேல் இன்ன குணமுள்ள சார்பு (function, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பைத் தரும் விதி) இருக்கிறதா என்பது கேள்வி. மனிதர் அந்தப் பரப்பை உலோகமாக நினைத்துக்கொண்டு இரண்டு புள்ளிகளில் பேட்டரியை மாட்டிவிட்டார்! மின்சாரம் ஓடித்தானே ஆக வேண்டும், அது பரவும் விதம்தான் நாம் தேடும் சார்பு என்றார். நான் படக்கட்சி, இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குஷி.

அதே வையர்ஸ்ட்ராஸ் 1872-இல் எங்கும் அறுபடாத, ஆனால் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு போட முடியாத ஒரு சார்பைக் காட்டினார். எந்தப் பென்சிலாலும் அதை வரைய முடியாது. அனாலிசிஸ்காரர்கள் படத்தைச் சந்தேகப்படுவது இதனால்தான்.

சரி, தேர்வுக்கு என்ன செய்வது? 1/4 + 1/16 + 1/64 + … எவ்வளவு? ஒரு சதுரத்தை நாலாக்கி ஒன்றுக்கு நிழல் போடுங்கள், இரண்டை வெள்ளையாக விடுங்கள், மிச்சமுள்ள மூலையை மறுபடி நாலாக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நிழல் ஒன்று, வெள்ளை இரண்டு. ஆக, 1/3. ரூம்மேட் சூத்திரத்தில் போட்டு இதே 1/3-ஐ எடுப்பாள். ஏன் மூன்றில் ஒன்று என்பது உங்கள் சதுரத்தில்தான் தெரியும். ஆனால் அந்தக் கடைசி மூலை என்ன ஆனது? அதைப் படம் சொல்லாமல் நழுவிவிடுகிறது. n சுற்றுக்கு அப்புறம் அதன் பரப்பு 1/4ⁿ. n கூடக்கூட அது பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. இந்த வரியைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். அப்புறம் தாளை ரூம்மேட்டிடம் நீட்டி, வேறு எந்த வரி விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள்.