வீட்டுக்குள் ஒரு சர்வர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கூகுள் தரும் இலவச 15 ஜிபி நிரம்பிவிட்டது. குடும்பப் புகைப்படங்கள், வீடியோக்கள் மட்டும் 600 ஜிபி தேறும். வீட்டிலேயே சர்வர் வைக்கலாம் என்றால், ஒருவர் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போதும் என்கிறார், இன்னொருவர் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) வாங்கச் சொல்கிறார். பரணில் பழைய டெஸ்க்டாப் ஒன்றும் கிடக்கிறது. எது சரி?
– வாசகர், ஈரோடு

பதில்: மூன்றும் வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிடும் மினி பிசி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்களில் ஒன்றிரண்டைத் தவிர எதையும் ஏற்பதில்லை. அதனால் 6, 7-ஆம் தலைமுறை இயந்திரங்களை அலுவலகங்கள் தள்ளிவிடுகின்றன. நீங்கள் போடப்போகும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் 6-ஐ விட்டு 7-ஐ எடுங்கள். இப்போதைய போன்கள் எடுக்கும் 10-பிட் ஹெச்இவிசி வடிவ வீடியோவை 7-லிருந்துதான் சிப்பில் உள்ள வீடியோ பகுதியே முழுமையாகக் கையாளும். 6-இல் அந்த வேலை பிராசஸர் தலையில் விழும்.

பரணில் இருக்கும் டெஸ்க்டாப்புக்குக் கரண்ட் கணக்கு போட்டுப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே 70 வாட் இழுக்கிறது என்றால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 100 யூனிட். அதுவும் உங்கள் பில்லின் மேல் ஸ்லாபில்தான் போய் உட்காரும். மினி பிசி 12 வாட் இழுத்தால் அதே காலத்துக்கு 17 யூனிட். ராஸ்பெர்ரி பை இன்னும் குறைவாக எடுக்கும். ஆனால் பை 5-க்கு 5 ஆம்பியர் அடாப்டர் கொடுக்காவிட்டால், யூஎஸ்பி போர்ட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 600 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் அது போதாமல் துண்டித்துக்கொள்ளும்.

ரேம் 16 ஜிபி, சிஸ்டத்துக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி, படங்களுக்கு 4 டிபி டிஸ்க் ஒன்று, பேக்கப்புக்கு இன்னொன்று. மினி பிசிக்குள் 3.5 அங்குல டிஸ்க் நுழையாது. தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி டிஸ்க் வாங்குங்கள். இயந்திரத்தில் மிச்சம் பிடித்த பணம் அந்த இரண்டாவது டிஸ்குக்கும் யூபிஎஸ்ஸுக்கும் போகட்டும்.

கேள்வி: டெபியன் லினக்ஸ் போட்டு, 4 டிபி யூஎஸ்பி டிஸ்கில் தினமும் இரவு ஆர்சிங்க் என்ற காப்பி மென்பொருள் மூலம் பேக்கப் எடுத்துவந்தேன். ஒரு மின்தடைக்குப் பிறகு, 256 ஜிபி எஸ்எஸ்டி 100 சதவீதம் நிரம்பி எந்தச் சேவையும் திறக்கவில்லை. ரீபூட் செய்தால் டிஸ்க் வந்துவிடுகிறது, ஆனால் எஸ்எஸ்டியில் இடத்தை எது தின்றது என்று தேடினால் ஒன்றுமே சிக்கவில்லை. எஸ்எஸ்டி பழுதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். வீட்டு சர்வரில் அடிக்கடி நடக்கிற கூத்து இது. டிஸ்கை மவுண்ட் செய்யும் (அதாவது இணைத்துக் காட்டும்) ஃபோல்டர் என்பது எஸ்எஸ்டியில் இருக்கும் ஒரு வெற்று ஃபோல்டர். கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்துவிட்டது, யூஎஸ்பி டிஸ்க் எழவில்லை. இரவு 2 மணிக்கு ஓடிய ஆர்சிங்குக்கு இது தெரியாது. அந்த வெற்று ஃபோல்டருக்குள், அதாவது எஸ்எஸ்டியிலேயே, படங்களைக் கொட்டித் தீர்த்துவிட்டது. ரீபூட்டில் டிஸ்க் மவுண்ட் ஆனதும், கொட்டியதெல்லாம் அதற்கு அடியில் மறைந்துவிட்டது. இடத்தை அளக்கும் டியூ கட்டளையில் தேடினாலும் கண்ணில் படாது.

முதலில் சேவைகளை நிறுத்தி டிஸ்கை அன்மவுண்ட் செய்யுங்கள். மவுண்ட் ஆனவற்றைக் காட்டும் ஃபைண்ட்மவுண்ட் (findmnt) கட்டளையில் அந்தப் பாதை வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே உள்ளே இருப்பதை அழியுங்கள். அவசரப்பட்டால் உண்மையான பேக்கப்பையே அழிப்பீர்கள். ஃபோல்டர் காலியானதும், டிஸ்க் மாட்டாத அதே நிலையில், ரூட் பயனராகச் சாட்டர் (chattr) கட்டளையால் அதற்கு +ஐ (+i) குறி போடுங்கள். இனி டிஸ்க் இல்லாத நேரத்தில் ரூட்டே முயன்றாலும் அதில் எழுத முடியாது. டிஸ்க் மவுண்ட் ஆகிவிட்டால் வழக்கம்போல் எழுதலாம்.

எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் எஸ்டிபி1 போன்ற பெயர் வேண்டாம். போர்ட் மாறினால் எழுத்தும் மாறும். டிஸ்குக்கே உரிய யூயூஐடி எண்ணைக் கொடுத்து, கூடவே நோஃபெயில் ஆப்ஷனைச் சேருங்கள். அது இல்லாவிட்டால், டிஸ்க் வராத அன்று சர்வர் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும், மானிட்டர் மாட்டித்தான் மீட்க வேண்டும். பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியில், மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் மூலம், இலக்கு இரண்டையும் சோதித்து, ஒன்று இல்லாவிட்டாலும் வெளியேறச் சொல்லுங்கள். மூலத்தையும் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆர்சிங்கில், மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழிக்கும் டிலீட் ஆப்ஷன் போட்டிருந்து, மூல டிஸ்க் மவுண்ட் ஆகாமல் காலியாகத் தெரிந்தால், அது பேக்கப்பையும் விசுவாசமாகக் காலி செய்துவிடும்.

சொந்த சர்வரில் படங்களை அடுக்கிவைக்கும் இமிச் செயலியைப் பயன்படுத்துவோருக்கும் ஒன்று. அது தன் ஃபோல்டர்களில் மறைவான அடையாளக் கோப்பு ஒன்றை வைத்திருக்கும். அது கண்ணில் படாவிட்டால் ஓட மறுக்கும். அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்ததும் கோப்பைப் புதிதாக உருவாக்கிச் சமாளிக்காதீர்கள். டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பிவிடுவது) சரியாகத்தான் செய்திருக்கிறேன். வீட்டு வைஃபையில் சர்வர் திறக்கிறது, வெளியே மொபைல் டேட்டாவில் திறக்கவில்லை.
– வாசகர், மேடவாக்கம்

பதில்: ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும் வான் (WAN) ஐபியையும், அதாவது இணையப் பக்கத்து முகவரியையும், "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் சொல்லும் ஐபியையும் ஒப்பிடுங்கள். வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. உங்கள் ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. 192.168 என்று வந்தால் ஃபைபர் பெட்டியும் உங்கள் ரவுட்டரும் இரட்டை நாட் (முகவரி மாற்றம்) போடுகின்றன. பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி இணைய நிறுவனத்திடம் கேளுங்கள்.

சிஜிநாட் என்றால் நிலையான ஐபிக்குக் காசு கட்டலாம். ஆனால் வீட்டார் மட்டுமே பயன்படுத்தும் சர்வருக்கு எதற்கு உலகத்துக்கே கதவைத் திறக்க வேண்டும்? உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போடுங்கள். சர்வரிலும் போன்களிலும் நிறுவினால் போதும், போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். இதுவும் 100-இல் தொடங்கும் முகவரிதான் தரும். வான் ஐபியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வேகம் குறைவாக இருந்தால் அதன் ஸ்டேட்டஸ் கட்டளையைப் பாருங்கள்: டைரக்ட் என்றால் நேரடி இணைப்பு, ரிலே என்றால் சுற்றிப் போகிறது. இன்னொன்று, இதன் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை இப்போதே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து, வெளியூரில் இருக்கும்போது பார்த்துத் தொடர்பு அறும்.

போர்ட் திறக்காமல் வெளியிலிருந்து சர்வரை எட்ட உதவும் கிளவுட்ஃபிளேர் டனலும் நல்லதுதான். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரே அப்லோடு 100 எம்பியைத் தாண்டக் கூடாது. படங்கள் ஏறும், நீளமான கல்யாண வீடியோ நின்றுவிடும்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனியாக யூபிஎஸ் வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு, மெயினை அணைத்துப் பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் ஃபேன் அசராது, கம்ப்யூட்டர் ரீபூட் ஆகிவிடும். நான்கைந்து முறை சோதித்தும் சர்வர் அசையவில்லை என்றால் தனி யூபிஎஸ் கட்டாயமில்லை. வாங்குவதானால் யூஎஸ்பி டேட்டா போர்ட் உள்ளதாகப் பாருங்கள். அப்போதுதான் பேட்டரி தீரும் முன் சர்வர் தானே முறையாக அணையும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் அதே பேக்கப்பில் இருக்கட்டும். பயாஸில் கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: இரண்டு டிஸ்கை ரெய்டு 1-இல் (இரண்டிலும் ஒரே தரவை எழுதும் முறை) போட்டால் பேக்கப் வேலை முடிந்ததா?
– வாசகர், கோவை

பதில்: இல்லை. ஒரு டிஸ்க் செத்தால் மட்டுமே ரெய்டு உதவும். தவறி அழித்த ஆல்பம் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். இரண்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால் ரெய்டை விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் தினமும் பேக்கப் எடுங்கள். பழைய நிலைக்கும் திரும்பலாம். முடிந்தால் மூன்றாவது பிரதி உறவினர் வீட்டில் இருக்கட்டும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைக்கும். பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. சர்வரில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

இமிச்சில் படங்கள் கோப்புகளாக இருக்கும். ஆல்பம், முகங்களுக்குச் சூட்டிய பெயர் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால், மீட்கும்போது திறக்காமல் போகலாம். இமிச்சே தினமும் அதிகாலை 2 மணிக்கு ஒரு டம்ப் (டேட்டாபேஸின் பிரதி) எடுத்து பேக்கப்ஸ் ஃபோல்டரில் போடுகிறது. உங்கள் ரெஸ்டிக்கை 3 மணிக்கு வையுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை வேறு இடத்தில் மீட்டெடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: இமிச்சில் "கோயில் தேர்" என்று தமிழில் தேடினால் சம்பந்தமில்லாத படங்கள் வருகின்றன.
– வாசகி, திருவாரூர்

பதில்: அதோடு வரும் மாடலுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். நிர்வாக அமைப்புகளில், மெஷின் லேர்னிங் பகுதியில் ஸ்மார்ட் சர்ச்சுக்கு என்எல்எல்பி-கிளிப் என்று தொடங்கும் பன்மொழி மாடலைக் கொடுங்கள். அது தமிழ் அறியும். பிறகு ஜாப்ஸ் பக்கத்தில் ஸ்மார்ட் சர்ச் வேலையை எல்லாப் படங்களுக்கும் மறுபடி ஓட்ட வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் "மாற்றியும் வரவில்லை" என்கிறார்கள். ரேம் கூடுதலாகத் தேவைப்படும். ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தால் இரவில் ஓட விட்டுத் தூங்கப் போங்கள்.

கேள்வி: மின்னஞ்சல் சர்வரையும் வீட்டில் வைக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். வீட்டு இணைப்பில் மின்னஞ்சல் போகும் 25-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைபட்டிருக்கும், ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிக்கு உரிய பெயர்ப் பதிவு) உங்கள் கையில் இருக்காது, அனுப்பும் கடிதம் எதிராளியின் ஸ்பாமில் போய் விழும். சொந்த டொமைன் வாங்கி, காசு கட்டும் மின்னஞ்சல் சேவையோடு இணையுங்கள். சேவை பிடிக்காவிட்டால் அதே முகவரியோடு வேறிடம் போகலாம்.