401கே-யை உடைப்பதற்கு முன்னால் ஃபாஃப்சாவை நிரப்புங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டில் இருக்கிறோம். போன வருடம் கணவருக்கு வேலை போய்விட்டது, அவருக்கு வயது 48. நான் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன். மகள் கம்யூனிட்டி காலேஜில் முதல் வருடம். ஒரு யூனிட் பாடத்துக்குக் கட்டணம் 46 டாலர்தானே என்று நிதியுதவிக்கு விண்ணப்பிக்கவில்லை. இப்போது புத்தகம், பெட்ரோல், சாப்பாடு என்று கையைக் கடிக்கிறது. அவளுக்கு வேண்டிய கணக்கு வகுப்பு நிரம்பிவிட்டது, இன்னொரு வகுப்பை ஆள் குறைவு என்று ரத்து செய்துவிட்டார்கள். ஒரு செமஸ்டர் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். கணவரின் பழைய கம்பெனி 401கே ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து 8,000 டாலர் எடுக்கலாமா?

பதில்: அந்தப் பணத்தைத் தொடாதீர்கள் சகோதரி. இந்த வயதில் எடுத்தால் மத்திய அரசுக்கு 10%, மாநிலத்துக்கு 2.5% அபராதம். 8,000-த்தில் 1,000 டாலர் அப்படியே போகும், வருமான வரி அதற்கு மேல் தனி.

நம் ஆட்கள் நிறையப் பேர் செய்கிற தவறைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். 12 யூனிட்டுக்கு 552 டாலர், இதற்குப் போய் மத்திய அரசின் நிதியுதவிப் படிவமான ஃபாஃப்சாவை எதற்கு அத்தனை பக்கம் நிரப்புவது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் சின்னச் செலவு, மற்றதெல்லாம்தான் பெரிசு. என்னிடம் வந்த ஒரு பையன் வேதியியல் புத்தகம் வாங்க முடியாமல், நூலகத்தில் இரண்டு மணி நேரத்துக்குத் தருகிற பிரதியை வாரம் முழுக்க ஃபோனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான், அவனும் ஃபாஃப்சா போட்டிருக்கவில்லை. கட்டணத்தை மாநிலத்தின் பிராமிஸ் கிராண்ட் தள்ளுபடி செய்துவிட்டால், மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் (2025-26-க்கு அதிகபட்சம் 7,395 டாலர்) புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் கையில் வரும். திருப்பிக் கட்ட வேண்டிய கடன் இல்லை அது.

நேரம் போய்விட்டதே என்று நினைக்காதீர்கள். இந்தக் கல்வியாண்டுக்கான ஃபாஃப்சாவை ஜூன் 30 வரை போடலாம், அதே ஆண்டில் முடித்துவிட்ட செமஸ்டருக்கும் சேர்த்து பெல் கிடைக்க வழியுண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: படிவம் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை, அதாவது உங்கள் கணவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தை. அதனால் தொகை குறைவாக வந்தாலோ எதுவுமே வராமல் போனாலோ சும்மா இருக்காதீர்கள், வேலை போன கடிதத்தை எடுத்துக்கொண்டு காலேஜ் நிதியுதவி அலுவலகத்துக்குப் போய் மறுபரிசீலனை கேளுங்கள், இப்போதைய வருமானத்தை வைத்துத் திரும்பக் கணக்கிட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

சரி, வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன், இதுவும் பணத்தோடு ஒட்டியதுதான். காலேஜுக்கும் கை இறுக்கம். 2018-ல் வந்த மாநில நிதிப் பங்கீட்டில் சுமார் 70% மாணவர் சேர்க்கையைப் பொறுத்தது. ஆள் குறைந்தால் வருகிற பணம் குறையும், அப்போது பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பை ஓட்டுவது கஷ்டம். சுமார் 20% பெல், பிராமிஸ் போன்ற உதவி பெறும் மாணவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. உங்கள் மகள் மாதிரி தகுதியுள்ள பிள்ளை விண்ணப்பிக்காமல் விட்டால் காலேஜின் கணக்கிலும் ஒரு தலை குறைகிறது.

அப்புறம், கட்டணத் தள்ளுபடி கிடைத்ததும் இஓபிஎஸ் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். முழுநேரம் படிக்கிற, வசதி குறைந்த பிள்ளைகளுக்கான திட்டம் அது. புத்தகத்துக்கு உதவி உண்டு, அதைவிட முக்கியமாக மற்றவர்களுக்கு முன்னால் வகுப்புக்குப் பதிவு செய்யலாம், நிரம்பிவிட்டது என்ற அந்தக் கணக்கு வகுப்பில் இடம் பிடிக்க இதுதான் வழி. புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளையும் கால அட்டவணையில் குறியிட்டுக் காட்டியிருப்பார்கள், அதைப் பார்த்து எடுக்கட்டும்.

இதெல்லாம் முடியும்வரை அவள் செமஸ்டரை விட வேண்டாம், 12 யூனிட்டுக்குக் கீழேயும் இறங்க வேண்டாம், இறங்கினால் பெல் தொகை அந்த அளவுக்குக் குறையும். வேலை பார்த்தே தீருவேன் என்றால் காலேஜுக்குள்ளேயே ஒர்க் ஸ்டடி என்கிற பகுதிநேர வேலை கேட்கட்டும். அதற்கும் ஃபாஃப்சாதான் வாசல், அதில் வருகிற சம்பளம் அடுத்த ஃபாஃப்சா கணக்கில் அவள் உதவியைக் குறைக்காது.