ஒரு நாள் மூடினா என்ன நட்டம்?

வணக்கம் அண்ணை, 2022 ஏப்ரல் 3ம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப்பை இலங்கை அரசாங்கம் நிப்பாட்டினதால பெரிய நட்டம் எண்டு நீங்கள் எழுதினதை வாசிச்சன். கொஞ்சம் கூட்டிச் சொல்லுறியள் போல கிடக்கு. முழுசா ஒரு நாள் கூட இல்லை, பின்னேரமே திரும்ப விட்டிட்டாங்கள். சண்டைக் காலத்தில யாழ்ப்பாணத்தில கரண்டும் போனும் இல்லாமல் அஞ்சு வருசம் சீவிச்ச சனம் நாங்கள், எங்களுக்கு இதெல்லாம் ஒரு நட்டமோ?
— கொக்குவிலில இருந்து ஒரு வாசகர்

தம்பிக்கு வணக்கம்.

கரண்டும் போனும் இல்லாமல் இருந்தனாங்கள், ஓம், ஆனா சும்மா இருக்கேல்லை, காசு குடுத்துத்தான் இருந்தனாங்கள். கனடாவில இருந்த பெரியண்ணையோட பத்து நிமிசம் கதைக்க எங்கட அப்பா கிளாலிக்குப் போய், இரவில வள்ளம் ஏறி, நேவி சுடுமோ எண்ட பயத்தோட கடல் தாண்டி, வவுனியாவில ஒரு கொமினிகேசன், அதான் போன் கதைக்கிற கடை, வாசல்ல ரெண்டு நாள் காவல் கிடந்தவர். வள்ளக்கூலி, தங்கின காசு, இறைக்க ஆளில்லாமல் வாடின மிளகாய்க் கண்டு, இதொண்டும் ஒருத்தற்ற கணக்கிலயும் வரேல்லை.

ஆபிரிக்காவில கமரூன் எண்ட நாட்டில 2017 இல நடந்ததை வாசிக்கேக்க எனக்கு அப்பாவின்ர ஞாபகம்தான் வந்தது. அங்க ஆங்கிலம் கதைக்கிற சனத்தின்ர ரெண்டு மாகாணத்துக்கு மட்டும் தை மாசம் 17ம் திகதியில இருந்து 93 நாள் இன்ரநெற்றை வெட்டினவங்கள், பிரெஞ்சு கதைக்கிற பக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. 1982 இல இருந்து போல் பியாதான் ஜனாதிபதி, ஆர் கேக்கிறது? புவேயா எண்ட ஊரில சொஃப்ட்வெயார் செய்யிற பெடியள் கனபேர், லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு மாகாண எல்லைக்கு அங்கால போனாகோ எண்ட கிராமத்தில ஒரு அறை எடுத்து அங்க இருந்து வேலை செய்தவங்கள். காஷ்மீரிலயும் 2019 ஆகஸ்டில வெட்டினாப்பிறகு சனம் ஒரு ஃபோர்ம் நிரப்ப, ஒரு ஈமெயில் பார்க்க கோச்சி ஏறி இன்ரநெற் இருந்த பனிஹால் எண்ட ஊருக்குப் போய் வந்தது. இந்தியா தேர்தல் நடக்கிற நாடுதான், எண்டாலும் நட்டம் குறையேல்லை.

நீங்கள் நாள்க்கணக்கு கேட்டபடியால் எகிப்தைச் சொல்லுறன். 2011 இல முபாரக் அரசாங்கம் அஞ்சு நாள் இன்ரநெற்றை மூடினது, ஓஈசிடி எண்ட, பணக்கார நாடுகளின்ர பொருளாதார அமைப்பு போட்ட கணக்கு 9 கோடி டொலர், ஒரு நாளைக்கு 1 கோடி 80 லட்சம். இது போன், இன்ரநெற் சேவையில நேரடியா விழுந்த அடி மட்டும்தான், சுற்றுலா, கோல் சென்ரர், ஒன்லைன் வியாபாரம் எண்டு அதால விழுந்த மற்ற அடியள் இதுக்குள்ள இல்லை எண்டு அவையே சொல்லிப்போட்டினம். எனக்கு அந்த விடுபட்டதுதான் பெரிசாப் படுது.

ஏனெண்டா எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா சாறி பிளவுஸ் தைக்கிறவ, லண்டன் ஆக்கள் வைபரில அளவும் துணியின்ர படமும் அனுப்புவினம், இவ தைச்சு ஆரும் போறவையிட்ட குடுத்துவிடுவா. 2018 மார்ச்சில கண்டிக் கலவரத்தைச் சாட்டி கிட்டத்தட்ட ஒரு கிழமை வைபரையும் மூடினாங்கள் தானே, அப்ப ஒரு கலியாண வீட்டு ஓடர், பொம்பிளைக்கும் தோழியருக்கும் சேத்து பதினொரு பிளவுஸ், கழுத்து வெட்டின்ர படம் வராமல் கத்திரிக்கோலைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தா. தடையைச் சுத்திப் போற விபிஎன் எண்டா என்னெண்டு அவவுக்கு ஆர் சொல்லிக்குடுத்தது? அந்த வீட்டுக்காரர் பொறுத்துப் பாத்திட்டு சென்னையில தைப்பிச்சிட்டினம். வைபர் திரும்ப வந்தது, அந்தக் குடும்பம் இண்டைக்கு வரைக்கும் வரேல்லை, அவையளின்ர சொந்தக்காரரும் வரேல்லை.

2022 இலயும் அப்பிடித்தான், டொலர் இல்லாமல் நாடு பெற்றோலுக்கு லைன்ல நிக்குது, அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு ஆக்களோட வட்ஸ்அப்பில கதைச்சு டொலர் கொண்டுவாற பெடியளின்ர வாயைப் பொத்தினது. பின்னேரம் விட்டது உண்மை. ஆனா நாளைக்கும் மூடுவாங்களோ எண்டு மற்றப் பக்கத்தில இருக்கிறவன் யோசிப்பான், அவன் அடுத்த வேலையை எங்களுக்கு ஏன் தரவேணும்?

உங்கட வீட்டில பெரியாக்கள் ஆரும் கிளாலியால வவுனியா போய் வந்திருந்தா, ஒருக்காப் போய்வர என்ன சிலவு வந்ததெண்டு கேட்டு எழுதுங்கோ தம்பி, அதையும் இங்க போடுறன்.